ஒளிரும் ரேகையும் உழைக்கும் கையும்

(தண்டையார்பேட்டையில் பொதுமக்கள் கூட்டத்தில் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாளிதழில் எந்தத் திருட்டுச் செய்தியை எடுத்தாலும் கடைசியில் இரண்டு வரி இருக்கும். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. கைரேகை நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரித்தனர். செய்தி அதோடு முடிந்துவிடும். அந்த நிபுணர்கள் எதைக் கொண்டு தேடினார்கள், தேடியது கிடைத்ததா, கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று நாம் படிப்பதே இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கும் ரேகைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1952 ஆகஸ்ட் மாதம். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி பக்கம் போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் திறந்து பார்த்தால் உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் உடல். சில நாளில் தலை கிடைத்த இடம் நம்முடைய ராயபுரம் கடற்கரை. ஆளவந்தார் கொலை வழக்கு என்று ஊரே பேசிய வழக்கு அது. இங்கே இருக்கிற மூத்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். தலையும் உடலும் ஒருவருடையவைதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய விரல்ரேகை அங்கே பதிவாகியிருந்தது. பெட்டியில் கிடந்த உடலின் ரேகை அதோடு பொருந்தியது.

அந்த வழக்கில் விரலே கையில் கிடைத்தது. மை தடவி, உருட்டி, தாளில் பதித்துக்கொள்ளலாம். பூட்டை உடைத்த வீட்டில் விரல் இருக்காது. விரல் தொட்டுவிட்டுப் போன இடம் மட்டும்தான் இருக்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்கிற கலைக்கு வயது நூறு ஆண்டுக்கு மேல். அதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் கொடுக்க வந்த ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் கையை ஒப்பந்தத் தாளில் பதித்து வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் வந்துவிட்டது. அதன் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள். அவர்கள் பெயரைப் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். சென்னைக்கும் முதலிடம் ஒன்று உண்டு. விஷம், ரத்தக் கறை போன்றவற்றைச் சோதிக்கும் அரசு வேதியியல் ஆய்வகம் இந்தியாவிலேயே முதலில் 1849இல் சென்னையில்தான் அமைந்தது. இன்றைய தமிழ்நாடு தடயவியல் துறையின் வேர் அது.

சரி, ஒரு விரல் கண்ணாடியைத் தொட்டால் அங்கே என்ன மிஞ்சுகிறது? விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகள் கருவிலேயே உருவாகி, சாகும்வரை மாறாமல் இருப்பவை. மேட்டின் முகட்டில் வரிசையாக வியர்வைத் துளைகள் இருக்கின்றன. அந்த வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் உப்பு, யூரியா, அமினோ அமிலங்கள், கொஞ்சம் புரதம். விரலிலும் உள்ளங்கையிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. நாம் நெற்றியைத் துடைக்கிறோம், மூக்கைத் தொடுகிறோம், தலையைக் கோதுகிறோம். அப்போது ஒட்டுகிற எண்ணெய்தான் விரலில் இருப்பது. ஆக, தொட்ட இடத்தில் மிஞ்சுவது மிக மெல்லிய வியர்வைப் படிவமும் எண்ணெய்ப் படலமும். தண்ணீர் காய்ந்துவிடும். உப்பும் அமினோ அமிலமும் எண்ணெயும் நிற்கும். குழந்தைகளின் விரல் விடும் கொழுப்பு எளிதில் ஆவியாகிவிடும் தன்மை கொண்டது. அதனால் அவர்களின் ரேகை பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் மறைந்துபோகிறது. குழந்தை கடத்தல் வழக்குகளில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் படலத்தில் எது பிடி கொடுக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லா முறைகளும் வேலை செய்கின்றன. கறுப்புப் பொடியும் அலுமினியப் பொடியும் எண்ணெய்ப் பசையில் ஒட்டுகின்றன. காகிதத்துக்கு நின்ஹைட்ரின். 1910இல் கேம்பிரிட்ஜில் ரூஹமன் தயாரித்த அந்தப் பொருள் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதாவாகும். அதை ரேகைக்குப் பயன்படுத்தலாம் என்று 1954இல்தான் சொன்னார்கள். பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் சயனோஅக்ரிலேட். நம் வீட்டில் செருப்பு ஒட்டும் ஃபெவிக்விக் அதே பொருள்தான். மூடிய பெட்டிக்குள் அதைச் சூடாக்கினால் எழும் ஆவி ரேகையின் மேல் வெள்ளையாக உறைகிறது.

இவை எல்லாம் நல்ல முறைகள். இன்றும் நம் காவல்துறையின் ரேகைப் பிரிவு பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் இருக்கிறது. இவற்றுக்குப் பொதுவாக ஒரு தடை உண்டு. வண்ணமும் கோலமும் நிறைந்த பரப்பில் கறுப்புப் பொடி போட்டால் எது பொடி, எது அச்சுப் படம் என்று பிரிக்க முடியாது. பிஸ்கட் உறை, சினிமா சுவரொட்டி, மார்பிள் தரை, பூப்போட்ட தகரப் பெட்டி, எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ரேகை அங்கே இருக்கிறது. பின்னணி அதை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் ரேகையே ஒளிவிட வேண்டும், பின்னணி இருட்டாக வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1977இல் கனடாவில் டால்ரிம்பிள், டஃப், மென்செல் மூவரும் ஆர்கான் லேசரை அடித்துப் பார்த்து, ரேகையில் இருக்கும் சில பொருள்கள் தாமாகவே மங்கலாக ஒளிர்வதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஒளிரும் சாயங்கள் வந்தன. ஃபெவிக்விக் ஆவியில் வெளுத்த ரேகைக்கு ரோடமின் சாயம் ஏற்றி ஒளிரவைத்தார்கள். மஞ்சள் தூளைக்கூட விட்டுவைக்கவில்லை. 2011இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் சமையல் மஞ்சளைக் கொண்டே பல பரப்புகளில் ரேகை எடுத்துக் காட்டினார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் புற ஊதா ஒளியில் பளிச்சென்று தெரியும்.

இப்போது விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சின்ன யு.வி. டார்ச்சைப் பாருங்கள். முதலில் உங்கள் பக்கம் திருப்புகிறேன். முன்வரிசையில் வெள்ளை வேட்டி எல்லாம் நீலமாக ஒளிர்கிறது, பார்க்கிறீர்கள். சலவைத் தூளில் கலந்திருக்கும் வெண்மையூட்டியின் வேலை அது. என் கையில் உள்ள இந்த நோட்டீஸ் தாளும் ஒளிர்கிறது. இந்த இரும்புத் துண்டைப் பாருங்கள், ஒரு லாரிப் பட்டறையில் வாங்கி வந்தது. இதன் மேல் படிந்த டீசலும் மசகெண்ணெயும் நீலமும் பச்சையுமாகத் தெரிகின்றன. கச்சா எண்ணெயிலிருந்து வருகிற பலவும் இப்படி ஒளிரும். ஆக, இருட்டில் ஒளிரும் பொருள் ரேகை மட்டும் அல்ல. ரேகையை ஒளிரவைத்தால் போதும் என்று நினைத்தோம். பின்னணியும் சேர்ந்து ஒளிர்கிறதே, என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடையாக வந்தவைதான் கலப்பு ஒளிர்பொருள்கள். கரிம மூலக்கூறும் கனிமப் பொருளும் சேர்ந்து ஒரே நுண்துகளாக இருப்பவை. ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மற்றவை தானாகப் புரியும்.

யூரோப்பியம் என்று ஓர் அருமண் தனிமம். பழைய கலர் டி.வி. திரையில் நாம் பார்த்த சிவப்பு இதன் சிவப்புதான். இதன் ஒளி அலைநீளத்தில் மிகக் குறுகிய பட்டையில், சுமார் 615 நானோமீட்டரை ஒட்டி வெளிப்படும். மற்ற சாயங்களைப் போல அகன்று பரவாது. அதனால் சரியான வடிகட்டி ஒன்றைக் கேமரா முன் வைத்தால் எண்ணெயின் நீலமும் வேட்டியின் நீலமும் தடுக்கப்பட்டு, சிவப்பு மட்டும் உள்ளே வரும். ஆனால் யூரோப்பியத்துக்கு ஒரு குறை. தானாக ஒளியை உறிஞ்சும் திறன் அதற்கு மிகக் குறைவு. 1942இல் வைஸ்மன் என்ற வேதியியலார் ஒரு வழி கண்டார். கரிம மூலக்கூறு ஒன்றை யூரோப்பியத்தோடு பிணைத்துவிட்டால், அந்த மூலக்கூறு புற ஊதா ஒளியை வாங்கி யூரோப்பியத்துக்குக் கடத்துகிறது. வாங்குவது ஒன்று, ஒளிர்வது இன்னொன்று.

இரண்டாவது குறை, தண்ணீர். நீர் மூலக்கூறு ஒன்று யூரோப்பியத்தின் அருகே வந்து ஒட்டிக்கொண்டால் அந்த ஆற்றலை அதிர்வாக உறிஞ்சி ஒளியை அணைத்துவிடும். நம் கடற்கரைக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? இதற்குத்தான் கனிமப் பங்காளி வருகிறார். சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். 1968இல் ஸ்டோபரும் அவர் தோழர்களும் கரைசலில் இருந்து ஒரே அளவிலான சிலிக்கா உருண்டைகளை வளர்க்கும் முறையை எழுதினார்கள். அந்த உருண்டைக்குள் யூரோப்பியச் சேர்மத்தை வைத்து மூடிவிட்டால் ஈரம் உள்ளே நுழைவது குறைகிறது, வெயிலில் கரிம மூலக்கூறு சிதைவதும் குறைகிறது. அதோடு சிலிக்காவின் மேற்பரப்பில் நமக்கு வேண்டிய தொகுதிகளை ஒட்டவைக்கலாம். எண்ணெயை நாடுகிற தொகுதியா, அமினோ அமிலத்தையும் புரதத்தையும் நாடுகிற தொகுதியா என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். கரிமப் பொருள் தனியாகவோ கனிமப் பொருள் தனியாகவோ இதைச் செய்ய முடியாது. சேர்ந்ததால்தான் முடிகிறது.

மூன்றாவதாக ஒரு நன்மை உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் இந்தப் பொருளின் உயிர். சாயமும் எண்ணெயும் சலவைத் தூளும் ஒளியை நிறுத்தினால் உடனே அணைந்துவிடும். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் அவற்றின் ஆயுள். யூரோப்பியமோ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். திருவொற்றியூர்க் கோயிலில் திருவிழா மேளம் சட்டென்று நின்றபின் மணியின் ரீங்காரம் மட்டும் காதில் நிற்பதில்லையா, அப்படித்தான். ஒளியைத் துண்டு துண்டாக அடித்து, அணைத்த மறுகணம் கேமராவைத் திறந்தால் பின்னணி எல்லாம் அடங்கியிருக்கும். ரேகை மட்டும் சிவப்பாக இருக்கும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரிப் புள்ளிகள் என்று 2004க்குப் பிறகு பெயர் பெற்ற நுண்துகள்கள் உண்டு. விலை குறைவு, நச்சும் குறைவு. கரைசலில் அழகாக ஒளிரும் இவை காய்ந்து பொடியாகி ஒன்றோடொன்று நெருங்கியதும் பெரும்பாலும் ஒளியை இழந்துவிடும். அதனால் இவற்றையும் சிலிக்காவிலோ களிமண்ணிலோ மாவுப் பொருளிலோ விலக்கி வைத்துக் கலவையாக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை வாங்கிக்கொண்டு பச்சையாக ஒளிரும் துகள்கள் இன்னொரு வகை. எண்ணெயும் சாயமும் அகச்சிவப்பில் அப்படி ஒளிர்வதில்லை என்பதால் பின்னணித் தொல்லை அநேகமாக இல்லை. 2011இல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதை ரேகைக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். நம் பக்கத்து மாநிலத்தில், தும்கூர் பல்கலைக்கழகத்தில் நாகபூஷணா குழுவினர் அருமண் சேர்த்த ஒளிர்பொடிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அவர்கள் படங்களில் வியர்வைத் துளைகள்கூட எண்ணும் அளவுக்குத் தெரிகின்றன. அருமண்ணுக்கு நாம் அந்நியரும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் கண்டார். அங்கே இன்றும் மணல் பிரிக்கிறார்கள். அந்த மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் அதிகம், யூரோப்பியம் மிகக் குறைவு. ஒரு வீட்டு ரேகைக்குத் தேவைப்படும் அளவோ அதைவிடக் குறைவு.

இப்போது மேசைக்கு வருவோம். இங்கே இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன. கூட்டம் தொடங்கும் முன் முதல் டம்ளரில் என் கட்டைவிரலை நெற்றியில் நன்றாகத் தேய்த்துவிட்டு அழுத்திப் பதித்தேன். இரண்டாவது டம்ளரைக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தோழர் ஒருவர், வேலையிலிருந்து வந்த கையோடு எடுத்துத் தண்ணீர் குடித்தார். இரண்டிலும் ஒரே ஒளிர்பொடியைத் தூவி, தூரிகையால் மெல்லத் தட்டுகிறேன். டார்ச் அடிக்கிறேன். என் டம்ளரில் சுழி, வரி, வரி பிரியும் இடம், எல்லாம் தெரிகிறது. அவர் டம்ளரில் பாருங்கள். ஈரம் பட்ட இடமெல்லாம் பொடி அப்பிக்கொண்டது. விரல் வழுக்கிய கோடு தெரிகிறது. ஓரத்தில் ஒரு சிறு துண்டில் மட்டும் நாலைந்து வரிகள். ஒரே பொடி, ஒரே விளக்கு, ஒரே கை தூவியது. வேறுபாடு தொட்ட கையில் இருக்கிறது.

நான் இன்று இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். ஒளிர்பொருள்களைப் பற்றி உலகெங்கும் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் டம்ளரைப் போன்ற ரேகைகளை வைத்துச் சோதித்தவை. கையைக் கழுவச் சொல்கிறார்கள், நெற்றியிலோ மூக்கிலோ தேய்க்கச் சொல்கிறார்கள், சுத்தமான கண்ணாடித் தட்டிலோ அலுமினியத் தாளிலோ அழுத்தச் சொல்கிறார்கள், குளிரூட்டிய அறையில் சில மணி நேரத்திலேயே பொடி போடுகிறார்கள். படம் அருமையாக வருகிறது. அதில் பொய் இல்லை, அது ஆரம்பக் கட்டச் சோதனை. பன்னாட்டு ரேகை ஆய்வுக் குழு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இந்தக் கட்டத்தோடு நிற்காதீர்கள், பலருடைய இயல்பான ரேகைகளையும் பழைய ரேகைகளையும் பல பரப்புகளில் சோதித்து, கடைசியில் உண்மையான வழக்குப் பொருள்களுக்கு வாருங்கள் என்று படிப்படியாகச் சொல்கிறது. முதல் படியில் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாம் படிக்கு ஏற்ற இடம் எது என்று என்னைக் கேட்டால், எண்ணூர் முதல் ராயபுரம் வரையிலான இந்தப் பட்டையைச் சொல்வேன். ஏன் என்று விளக்குகிறேன்.

கடற்காற்று. ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் உப்பும் கலந்த காற்று. எந்தப் பரப்பிலும் ஓர் உப்புப் படலம் படிந்து, அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வியர்வையின் உப்பைப் பிடிக்கும் முறை இங்கே குழம்பிவிடும். பொடியோ வரியில் மட்டும் ஒட்டாமல் எங்கும் ஒட்டும். அடுத்தது துரு. கன்டெய்னர், லாரியின் பின்கதவு, கிடங்கு ஷட்டர், படகின் இன்ஜின் மூடி, எல்லாம் துரு ஏறிய இரும்பு. துருவில் உள்ள இரும்பு ஆக்சைடு புற ஊதாவையும் உறிஞ்சும், வெளிவரும் ஒளியையும் உறிஞ்சும். சொரசொரப்பான பரப்பு என்பதால் வரியும் முழுசாகப் பதியாது. பிறகு எண்ணெய். தண்டையார்பேட்டைக்கு எண்ணெய் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சேமிப்புக் கிடங்குகளும் டேங்கர் லாரிகளும் குழாய்ப் பாதைகளும் நடுவே குடியிருப்பவர்கள் நீங்கள். 2013இல் இங்கே குழாய்க் கசிவு நிலத்தடி நீரில் கலந்து கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வந்தது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியும் கையுமாக அள்ளினார்கள். எண்ணெய் படிந்த பரப்பில் ரேகை தேடும்போது, எண்ணெயை நாடும் பொடி விரல் எண்ணெயையும் இயந்திர எண்ணெயையும் பிரித்துப் பார்க்காது. இங்கே வேண்டியது புரதத்தையோ அமினோ அமிலத்தையோ பிடிக்கும் மேற்பரப்பு கொண்ட துகள். பொடியாகத் தூவாமல் நீரில் கலக்கித் தெளிக்கக்கூடிய வடிவம். எண்ணெயின் நீல ஒளியைக் கடந்து நிற்கும் தாமத ஒளி. நான் முன்னே சொன்ன யூரோப்பியக் கலப்புப் பொருளில் இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இந்த இரும்பில், இந்தக் காற்றில் சோதித்து முடித்த பொருள் என்று எதையும் நான் உங்களிடம் காட்டவில்லை.

அடுத்தது கை. மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர், மீன் அரிகிற அக்கா, சிமென்ட் கலக்குகிறவர், இவர்கள் விரல் வரிகள் தேய்ந்தும் வெடித்தும் இருக்கும். ரேஷன் கடையில் 2020 அக்டோபரில் விரல் வைக்கும் கருவி வந்த பிறகு இது எல்லாருக்கும் தெரிந்த சேதி. வயதான அம்மா ஒருவர் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதும், கடைக்காரர் துணியால் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வதும், பின்னால் வரிசை நீள்வதும் நீங்கள் பார்த்ததுதான். உயிருள்ள விரல் நேரே அழுத்தும்போதே கருவி திணறுகிறது என்றால், அதே விரல் துருப்பிடித்த தகரத்தில் விட்டுப்போகும் மெல்லிய படலம் எப்படி இருக்கும்? ஆய்வகத்தில் ரேகை கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். அவர்கள் விரல் மென்மையானது. பொருளைச் சோதிக்க இங்கே உழைக்கிறவர்களின் கை வேண்டும், அவர்கள் சம்மதத்தோடு, கூலி கொடுத்து, பெயர் எங்கும் போகாது என்ற உறுதியோடு.

இதற்கு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். உழைக்கிறவர்களின் ரேகையை எடுப்பதில் இவ்வளவு அக்கறை எதற்கு, குற்றம் என்றாலே வடசென்னைப் பையன்களைத் தேடி வருகிற பழக்கம் போதாதா என்று. இந்தப் பகுதியைச் சினிமாவும் செய்தியும் எப்படிக் காட்டிவந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். என் பதில் இது. ரேகை தெளிவில்லாத இடத்தில்தான் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போவது நடக்கிறது. திருடு போகும் வீடும் பெரும்பாலும் உழைக்கிறவர் வீடுதான். தெளிவான தடயம் குற்றம் செய்தவரைக் காட்டும், செய்யாதவரை விடுவிக்கும். மங்கலான தடயம் இரண்டையும் செய்யாது, தவறாகப் படிக்கவும் இடம் கொடுக்கும். 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், டெட்டனேட்டர்கள் இருந்த பையில் கிடைத்த ஒரு ரேகை அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞருடையது என்று அந்த நாட்டின் புலனாய்வு அமைப்பே அடித்துச் சொன்னது. அவரைக் காவலில் வைத்தது. கடைசியில் ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல்துறை கண்டுபிடித்தது. பல லட்சம் ரேகைகளைத் தேடும் கணினி நம்மிடமும் 2022இல் தேசிய அளவில் வந்துவிட்டது. தேடும் பட்டியல் பெரிதாகப் பெரிதாக, ஏறக்குறைய ஒத்துப்போகும் ரேகைகளும் பெருகும். அதனால் பரப்பிலிருந்து எடுக்கும் ரேகை இன்னும் தெளிவாக இருந்தாக வேண்டும். ஒளிர்பொருள் தேவைப்படுவது இதற்காக.

தெளிவு வந்தாலும் ரேகை சொல்லாத சேதி ஒன்று இருக்கிறது, காலம். இந்த விரல் இதைத் தொட்டது என்று சொல்லும். எப்போது தொட்டது என்று சொல்லாது. போன வாரம் ஏ.சி. பழுது பார்க்க வந்தவருடைய ரேகையும் இருக்கும், நேற்று வந்த திருடனுடையதும் இருக்கும். எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும் இதில் மாற்றம் இல்லை. நீதிமன்றங்கள் இதோடு இன்னொன்றையும் பார்க்கின்றன. 1997இல் ராஜஸ்தானிலிருந்து வந்த முகமது அமான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பித்தளைப் பாத்திரத்தில் கிடைத்த ரேகையை நம்பித் தண்டனை கொடுக்க மறுத்தது. கைப்பற்றிய பொருள் யார் கையும் படாமல் பாதுகாக்கப்பட்டது என்பதற்குச் சான்று போதவில்லை, ஒப்பிட எடுத்த மாதிரி ரேகை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்படவில்லை என்பவை அதற்குக் காரணங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும், அதைப் படம் பிடிக்கவும் வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். வரும் நிபுணர் கையில் என்ன இருக்கும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

அந்த நிபுணரின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1949இல் லான்செட் மருத்துவ இதழில் ஏகேட், பக்கல் இருவரும் பிரிட்டனில் ரேகை எடுக்கும் காவலர்களுக்குப் பாதரச நச்சு ஏறியதை எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்திய சாம்பல் நிறப் பொடி பாதரசமும் சுண்ணாம்புத் தூளும் கலந்தது. குனிந்து ஊதி ஊதி வேலை செய்தவர்கள் அதைத்தான் சுவாசித்தார்கள். இன்று கட்டுரைகளில் வரும் ஒளிர்பொருள்களில் காட்மியம் உள்ள துகள்கள் இருக்கின்றன, ஈயம் உள்ள பெரோவ்ஸ்கைட்டுகள் இருக்கின்றன. ஒளியில் அவை முதல் வரிசை. ஆனால் காற்றில் பறக்கும் நுண்பொடியாக அவற்றை ஒரு வீட்டு அடுக்களையில் தூவுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரேகை எடுத்தவர் போனபின் அந்த அடுக்களையைக் கூட்டிப் பெருக்குவது வீட்டுப் பெண்தான். புகையும் கசிவும் பழகிப்போன வடசென்னைக்கு இன்னொரு நச்சுப் பொடி வேண்டாம். கரிப் புள்ளியும் சிலிக்காவில் மூடிய யூரோப்பியமும் அந்த வகையில் மேல். அவற்றையும் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தூவக் கூடாது.

இங்கே கல்லூரி மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். வேதியியல் துறையில் ஆய்வுத் திட்டம் தேடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள். புதிதாக இன்னொரு ஒளிர்பொடி செய்து கண்ணாடித் தட்டில் படம் எடுக்காதீர்கள். ஏற்கெனவே செய்யத் தெரிந்த நல்ல பொடி ஒன்றை எடுத்துக்கொண்டு, துருத் தகடு, ஐஸ் பெட்டி, மீன் கூடை, டீசல் பட்ட ரெக்சின், உப்புக் காற்றில் ஒரு மாதம் கிடந்த ஷட்டர் என்று பத்துப் பரப்புகளில் சோதியுங்கள். எத்தனையில் ரேகை வந்தது என்பதோடு எத்தனையில் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். வராதது ஏன் என்று எழுதுங்கள். காவல்துறையின் ரேகைப் பிரிவும் தடயவியல் துறையும் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். சம்பவ இடத்தில் எது படுத்துகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு விடை தேடும் நேரமும் இளமையும் மாணவர்களிடம் இருக்கின்றன.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. வீட்டில் திருட்டு நடந்தால் முதலில் நாம் செய்வது பீரோவைத் திறந்து எது போயிற்று என்று கிளறுவது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் உள்ளே வந்து பார்ப்பார்கள். சிதறியதை அம்மா எடுத்து அடுக்கிவிடுவார். உலகத்தில் எந்த ஒளிர்பொருளும் துடைத்த ரேகையைத் திருப்பித் தராது. போலீஸ் வரும்வரை பீரோ, கதவு, தாழ்ப்பாள், கண்ணாடி எதையும் தொடாதீர்கள். ஈரமாக இருந்தால் தானாகக் காயவிடுங்கள், துணி போடாதீர்கள். அந்த வீட்டில் அடிக்கடி கைவைக்கிறவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுங்கள். ரேகை எடுக்க வருகிறவர்கள் உங்கள் ரேகையையும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். உங்களுடையதைக் கழித்தால்தான் அந்நியருடையது எது என்று அவர்களுக்குத் தெரியும்.